ஸ்போர்ட்ஸ் காரின் மீற்றர் முள் பொய் சொன்னால்: திருகோணமலையில் இருந்தபடி திருத்துவது எப்படி

திருகோணமலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தால், இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைக்கும். பெயின்ற் அடிக்க ஆள் கிடைக்கும். டாஷ்போர்டில் ஒரு முள் படுத்துவிட்டால்தான் திண்டாட்டம். கேட்கும் இடமெல்லாம் ஒரே பதில்: "மீற்றர் போர்ட் முழுசா மாத்தணும் தம்பி, கொழும்பிலதான் எடுக்கலாம்." என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றது. முதலில் ரெம்பரேச்சர் முள், பிறகு பெற்றோல் முள் என்று இரண்டோடும் மல்லுக்கட்டிய பின் எனக்குப் புரிந்தது இதுதான்: பெரும்பாலும் கோளாறு மீற்றரில் இருப்பதில்லை. கடற்காற்று தின்ற ஒரு எர்த் வயரிலோ (கரண்ட் வண்டியின் உடம்புத் தகடு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழி), இன்ஜினில் இருக்கும் சின்னச் சென்சரிலோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மீற்றருக்குக் காசு கொடுத்தால், புது மீற்றரும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

கீழே இருப்பது நீங்கள் போகவேண்டிய வரிசை. எம்எக்ஸ்-5ஐ வைத்து எழுதியிருக்கிறேன். 1990களின் மற்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் இன்ஜினைக் காப்பாற்றுங்கள்

ஒயில் பிரஷர் முள் சட்டென்று கீழே விழுந்தால், அல்லது ரெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறினால், "மீற்றர் கோளாறு" என்று நினைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஒயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். சூடு ஆறியபின் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கராஜில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கி, ஒயில் பிரஷர் சென்சரைக் கழற்றிய இடத்தில் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் சொல்லும் பொதுக் கணக்கு, ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம். அது வந்தால் இன்ஜின் நலம், மீற்றர் பக்கம் தேடலாம். வராவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்ஜின் மெக்கானிக்கிடம் போங்கள்.

சூட்டைப் பார்க்க, கையில் பிடித்து அடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்கு நேரே பிடித்தால் உண்மை நிலை கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இரண்டு விடயங்களைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஆரம்பகால வண்டிகளில் ஒயில் பிரஷர் மீற்றர் உண்மையாகவே அழுத்தத்தைக் காட்டும். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தவற்றில் அது வெறும் ஸ்விட்ச். கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுகொள்ளும், அசையாது. அசையவில்லை என்று அதைத் திருத்தக் கொடுப்பது வீண்செலவு. அடுத்தது, ரெம்பரேச்சர் முள் நடுப்பகுதியில் ஒரு பெரிய அளவுக்கு நகராமல் நிற்கும்படிதான் தொழிற்சாலையிலேயே செய்திருக்கிறார்கள். அதுவும் கோளாறு அல்ல.

2. எந்த முள், எப்போது, எப்படி என்று எழுதுங்கள்

கராஜுக்குப் போகும் முன் இதைச் செய்தால் பாதிக் காசு மிச்சம். ஒரு தாளில், அல்லது போனில், குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு முள் மட்டுமா, பல முட்களா? குளிர் இன்ஜினிலா, சூடான பிறகா? ஹெட்லைட் போட்டால் மாறுகிறதா? பள்ளத்தில் விழுந்தால் துள்ளுகிறதா? மழைக்கு அடுத்தநாள் மட்டுமா?

ஒரு முள் மட்டும் என்றால் அந்த முள்ளின் சென்சர், வயர், மீற்றர் மூன்றில் ஒன்று. இரண்டு மூன்று முட்கள் ஒன்றாகக் குழம்பினால், அவற்றுக்குப் பொதுவான எர்த் அல்லது கரண்ட் வரும் வழி. ஹெட்லைட் போட்டதும் முட்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தால் எர்த் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது எம்ஜி, ட்ரையம்ப் போன்ற பழைய பிரித்தானிய வண்டி என்றால் கூடுதலாக ஒன்று. அவற்றில் பலவற்றில் மீற்றர்களுக்கு சுமார் 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அது பழுதானால் பெற்றோல் முள்ளும் ரெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தவறும். அந்தப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். இதைத் தெரியாமல் இரண்டு மீற்றர்களையும் மாற்றியவர்கள் உண்டு.

ஸ்பீடோமீற்றருக்குத் தனிக் கதை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அது கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிளால் சுழல்கிறது. முள் ஆடினால் கேபிள் காய்ந்துவிட்டது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் இரண்டும் நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கியர் பெட்டிப் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். முள் ஓடுகிறது, எண் மட்டும் ஓடவில்லை என்றால் மீற்றருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம். திருத்தும் வரை போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியை வைத்து ஓட்டுங்கள். நகருக்குள் 50, வெளியே 70 என்ற எல்லை உங்கள் முள் வேலை செய்கிறதா என்று பார்த்து வருவதில்லை.

3. உப்புக்காற்று தின்ற இடங்கள்

இந்தப் பகுதிதான் நம் ஊருக்கு முக்கியம். வண்டியை உப்புவெளியிலோ, உட்துறைமுக வீதிப் பக்கமோ, நிலாவெளியிலோ நிறுத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு கனெக்டருக்குள்ளும் உப்பு போயிருக்கிறது. செம்பு வயரின் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மேலே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் உறையை நீக்கினால் உள்ளே பச்சை.

தேவையான பொருட்கள்: ஒரு மல்ரிமீற்றர், கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மெல்லிய எமரித் தாள், மின் இணைப்புக்குப் பூசும் கிரீஸ். பெற்றோலில் துடைக்காதீர்கள். கராஜ்களில் இந்தப் பழக்கம் இருக்கிறது, பழைய பிளாஸ்டிக் கனெக்டரில் வெடிப்பு விழுந்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பியூஸ். கண்ணால் மட்டும் பார்க்காமல் மல்ரிமீற்றரால் பாருங்கள். பியூஸ் நல்லது, அது உட்காரும் காலில் களிம்பு என்று இருக்கலாம். அப்புறம் பற்றரி. எம்எக்ஸ்-5இல் பற்றரி பின் டிக்கிக்குள் இருக்கிறது, பொனட்டைத் திறந்து தேடவேண்டாம். அதன் எர்த் வயர் உடம்புத் தகட்டில் சேரும் இடத்தைக் கழற்றி, தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். பிறகு இன்ஜினிலிருந்து உடம்புக்கு வரும் எர்த். கடைசியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த்.

எர்த் நல்லதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, மல்ரிமீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பற்றரி நெகட்டிவிலும் மறுமுனையை சோதிக்கும் எர்த் புள்ளியிலும் தொடுங்கள். பூச்சியத்துக்கு மிக அருகில் இருக்கவேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த எர்த் பழுது. ஓம் (மின்தடை) அளவில் வைத்துப் பார்த்தால் பழுதான எர்த்தும் நல்லதுபோலக் காட்டிவிடும், அதனால் இந்த முறைதான் நம்பகமானது.

துணிக்கூரை வண்டிகளுக்கு இன்னொன்று. கூரைத் தண்ணீர் வடியும் துளைகள் சீற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இலை, மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். நம் ஊரில் மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டியும் அடிக்கும். அதற்கு முன்னரே துளைகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். முடிந்தால் மீற்றர் வேலையையே சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் கனெக்டரைத் திறந்து வைத்து வேலை செய்வது நல்லதல்ல.

4. சென்சரா, மீற்றரா: வயரைக் கழற்றிப் பார்ப்பது

எர்த் எல்லாம் சரி, முள் இன்னும் தவறு என்றால் இந்தச் சோதனை. இதற்கு கராஜ் தேவையில்லை.

ரெம்பரேச்சர் முள்ளுக்கு: இன்ஜினில் பொதுவாக இரண்டு சூடு சென்சர்கள் இருக்கும். ஒன்று மீற்றருக்கு, மற்றது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. மீற்றருக்குரியது பெரும்பாலும் ஒற்றை வயர். அந்த வயரைக் கழற்றி, சாவியை ஓன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவேண்டாம். முள் குளிர்ந்த முனையில் நிற்கவேண்டும். இப்போது வயரின் நுனியை ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு வழியாக (3.4 வாட் இருந்தால் நல்லது) எர்த்தில் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறவேண்டும். ஏறினால் மீற்றரும் வயரும் நல்லவை, சென்சர்தான் பழுது. ஏறாவிட்டால் வயர் அல்லது மீற்றர். பல்பு இல்லாமல் நேரடியாக எர்த்தில் வைத்து நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், மீற்றருக்குள் இருக்கும் சுருள் எரிந்துவிடலாம்.

சென்சரைத் தனியாகச் சோதிக்க, கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீருக்குள் நுனியை வைத்து, மல்ரிமீற்றரை ஓமில் வைத்துச் சூடாக்குங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்கிக்கொண்டே வரவேண்டும். ஒரே எண்ணில் நின்றாலோ குதித்தாலோ சென்சர் போய்விட்டது. (கன்னியா வெந்நீரூற்றுக்கு எடுத்துப் போகலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தத் தண்ணீர் குளிக்கத்தான் சரி, சென்சருக்குக் கொதிக்கும் கேத்தல் வேண்டும்.)

ஒயில் பிரஷர் முள்ளுக்கும் இதே முறைதான். சென்சர் ஒயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வயரைக் கழற்றினால் ஒரு முனை, பல்பு வழியாக எர்த் கொடுத்தால் மறுமுனை. முள் அப்படிப் போய் வந்தால் மீற்றர் நல்லது.

சென்சர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளின் ஒயில் சென்சர் புரி பொதுவாக 1/8 பிஎஸ்பிடி. சந்தையில் கிடைக்கும் அமெரிக்க வகைச் சென்சர்களில் 1/8 என்பிடி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் அங்குலத்துக்கு 28 புரி, மற்றதில் 27. கையால் ஒன்றிரண்டு சுற்று இறங்கும், பிறகு இறுகும். "கொஞ்சம் பலமா முறுக்குங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் பிளாக்கின் புரி போய்விட்டால் சில ஆயிரத்தில் முடியும் வேலை லேத் பட்டறை வரை போகும். இன்னொன்று, ஒற்றை வயர் சென்சருக்கு எர்த் அந்தப் புரி வழியாகத்தான் கிடைக்கிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் புதுச் சென்சரும் வேலை செய்யாது.

5. பெற்றோல் முள்

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை நடமாடும் வீதியில், மாலை நேரத்தில், பெற்றோல் இருக்கிறது என்று முள் சொல்ல வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே இதை முதலில் திருத்துங்கள். அதுவரை ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, நிரப்பிய லீற்றரைக் கணக்கு வைத்து ஓட்டுங்கள். 1.6 இன்ஜின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் டேங்க் 45 லீற்றர்.

பெற்றோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் யூனிட் எம்எக்ஸ்-5இல் சீற்றுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு தகட்டு மூடிக்குள் இருக்கிறது. டேங்கைக் கீழே இறக்கவேண்டியதில்லை. "டேங்க் கழற்றணும்" என்று கூலி கேட்டால் இதைச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் இடமும் இதுதான் என்பதால், மூடியைத் திறந்ததுமே களிம்பு பிடித்த கனெக்டர் கண்ணில் படலாம். பலருக்கு வேலை அந்தச் சுத்தத்தோடு முடிந்துவிடும்.

சோதனை மேலே சொன்னதுபோலத்தான். அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் டேங்க் நிறைந்திருந்தால் ஓம் குறைவு, காலி என்றால் ஓம் அதிகம். முள் மெதுவாகத்தான் நகரும். தொட்டவுடன் எதிர்பார்க்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள்.

யூனிட்டை வெளியே எடுப்பது என்றால் கவனம் வேண்டும். பெற்றோல் பம்பும் அங்கேதான் இருக்கிறது, பைப்பில் அழுத்தம் இருக்கும். டேங்க் காலியாக இருக்கும்போது, திறந்த வெளியில், பற்றரியைக் கழற்றிவிட்டு, காலை நேரத்தில் செய்யுங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் டேங்கைத் திறந்தால் ஆவி சும்மா கொதித்து வரும். பக்கத்தில் சிகரெட், போன் சார்ஜர், வெல்டிங் எதுவும் கூடாது. இதில் அனுபவம் இல்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

6. மீற்றர் போர்டைக் கழற்றுதல்

சென்சரும் வயரும் நல்லவை என்று உறுதியான பிறகுதான் இந்தப் படி.

பற்றரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்திருங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருந்தால் மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடவே வேண்டாம். ரேடியோவுக்கு இரகசிய இலக்கம் இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். மீற்றரின் மேல் மூடி, அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள், பிறகு போர்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் என்ற வரிசை. ஸ்குரூக்களை முட்டைப் பெட்டி ஒன்றில் குழிக்குக் குழி பிரித்துப் போட்டு, பெட்டியில் எழுதி வையுங்கள். முப்பது வருட வெயில் பட்ட பிளாஸ்டிக் இது. இழுத்தால் உடையும். வராவிட்டால் எங்கேயோ இன்னும் ஒரு ஸ்குரூ இருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால் ஸ்பீடோமீற்றர் கேபிள் ஒரு கொக்கியால் பூட்டியிருக்கும். அதை அழுத்திப் பிடித்துக் கழற்றவேண்டும். கனெக்டர்களை வயரில் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கில் பிடித்து எடுங்கள்.

போர்ட் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஒவ்வொரு மீற்றரையும் பிடித்திருக்கும் சின்ன நட், ஸ்குரூக்கள் வழியாகத்தான் அதற்குக் கரண்ட் போகிறது. அவை தளர்ந்தால் மீற்றர் விட்டு விட்டு வேலை செய்யும். ஆர்பிஎம் முள் துள்ளும் வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தளர்த்தி, தொடும் இடத்தைத் துடைத்து, மெதுவாக இறுக்கினாலே முள் எழும்பிவிடலாம். கூடவே உள்ளே இருக்கும் எல்லா பல்புகளையும் மாற்றிவிடுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு பல்புக்காக மறுபடி கழற்றும் நிலை வராது.

முள்ளை மட்டும் பிடுங்காதீர்கள். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் அது நிற்கும் இடத்தைப் படம் எடுத்த பிறகு.

7. திருத்துவதா, மாற்றுவதா

பழைய அனலொக் மீற்றர் என்றால் என் வாக்கு: போர்டை முழுதாக மாற்றாதீர்கள், பழுதான மீற்றரை மட்டும் மாற்றுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஐந்து வட்டங்களும் தனித்தனியாகக் கழலும். பழைய போர்ட் ஒன்றை வாங்கி, அதிலிருந்து பெற்றோல் மீற்றரை மட்டும் எடுத்து உங்கள் போர்டில் வைத்தால், உங்கள் கிலோமீட்டர் எண் அப்படியே இருக்கும். மிச்சம் எதிர்காலத்துக்கு ஸ்பெயார்.

2000க்குப் பின் வந்த வண்டிகளில் நிலை வேறு. முட்களைச் சின்ன மோட்டார்கள் நகர்த்துகின்றன, உள்ளே சர்க்கிட் போர்ட். கிலோமீட்டர் கணக்கு சிப்பில் பதிந்திருக்கும். சில வண்டிகளில் திருட்டுத் தடுப்புப் பூட்டும் மீற்றரோடு பேசும். வேறொரு போர்டைப் பூட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். அவற்றுக்கு உங்கள் போர்டையே எலக்ட்ரோனிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, ஈயம் விட்ட இடங்களைத் திரும்பப் பற்றவைத்து, மோட்டாரை மாற்றுவதுதான் நல்லது. நகரத்தில் நல்ல டிவி, போன் திருத்துபவர் ஒருவரைத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனத்துக்கு என்று பலகை மாட்டியவர்தான் செய்யவேண்டும் என்றில்லை.

8. பாகம் வாங்குதல்

கொழும்பு பஞ்சிகாவத்தைதான் முதல் இடம். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிசன் பாகங்கள் அங்கே குவிந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் பாகம் எல்லாக் கடையிலும் இருக்காது, ஆனால் ஒரு கடை இல்லை என்றால் பக்கத்துக் கடைக்கு போன் போட்டுத் தருவார்கள். "நானா, என்ஏ6சிஇ ரோட்ஸ்டர் மீற்றர் போர்ட்" என்று சேஸி குறியீட்டோடு கேளுங்கள். "மாஸ்டா ஸ்போர்ட்ஸ் கார்" என்றால் எதையாவது எடுத்துத் தருவார்கள். 1.6 வண்டி என்ஏ6சிஇ, 1.8 வண்டி என்ஏ8சி. உங்களுடையது எது என்று வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸி இலக்கத்தின் முன்பகுதி சொல்லும்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: பதிவுப் புத்தகத்தின் பிரதி, கழற்றிய பாகம், அதன் பின்பக்கப் படம், கனெக்டர்களின் படம், மல்ரிமீற்றர். ஞாயிறும் போயா நாளும் போகாதீர்கள். வெள்ளி என்றால் ஜும்மா நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் இறங்கி, கடை திறக்கும் வரை சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் வேலை முடித்துத் திரும்பலாம். முதலில் படம் அனுப்பி, இருப்பதை உறுதி செய்துகொண்டு போவது இன்னும் நல்லது. பாகத்தை பஸ்ஸில் போட்டு அனுப்பியும் வைப்பார்கள். அப்படியென்றால் கண்ணாடியின் மேல் அட்டை வைத்துச் சுற்றச் சொல்லுங்கள்.

விலை பேசும்போதே "செக்கிங் வொரண்டி எத்தனை நாள்?" என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். நாம் திருகோணமலைக்கு வந்து பூட்டிப் பார்க்கவே ஒரு வார இறுதி வேண்டும். மூன்று நாள் வொரண்டி நமக்கு உதவாது.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் மூன்றைப் பாருங்கள். பிரித்தானியா, அமெரிக்காவிலிருந்து வரும் ஸ்பீடோமீற்றர் மைலில் காட்டும், கிலோமீட்டர் எண்ணும் மைல் எண்ணாக இருக்கும். ஜப்பான் மீற்றர் 180 கிலோமீட்டர் வரை. ஓட்டோ கியர் வண்டியின் போர்டில் விளக்குகள் மாறும். அடுத்தது சுங்கம்: பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்குத்தான் வரி போடுவார்கள். அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும், கூரியர் நிறுவனத்தின் கட்டணமும். பழைய வாகனப் பாகத்துக்கு அனுமதி ஏதும் தேவையா என்று ஓர்டர் போடும் முன் கூரியர்காரரிடமே கேட்டுவிடுங்கள். விற்றவரின் இன்வொய்ஸ், காசு கட்டிய ஆதாரம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் தயாராக வைத்திருந்தால் பொதி தேங்காது.

9. கிலோமீட்டர் எண்ணும் தாள்களும்

ஸ்பீடோமீற்றரையோ முழுப் போர்டையோ மாற்றுகிறீர்கள் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது, எண் குறைந்திருப்பதைப் பார்த்தவுடன் வாங்க வருபவர் "மீற்றர் திருப்பியிருக்கு" என்றுதான் சொல்வார். அவர் மேல் பிழை இல்லை.

கழற்றும் முன் பழைய எண்ணைத் திகதி தெரியப் படம் எடுங்கள். பூட்டியபின் புது எண்ணையும் எடுங்கள். வேலை செய்தவரிடம் பில் வாங்கும்போது, வாகன இலக்கம், பழைய எண், புது எண், திகதி, "மீற்றர் மாற்றப்பட்டது" என்ற குறிப்பு எல்லாம் எழுதி, கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் போடச் சொல்லுங்கள். சின்னக் கராஜ்களில் பில் புத்தகமே இருக்காது, அப்போது வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். பழைய சர்வீஸ் பில்கள், புகைப் பரிசோதனைச் சான்றிதழ்கள் என்று கிலோமீட்டர் பதிந்த எந்தத் தாளையும் எறியாமல் இதனோடு சேர்த்து வையுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் முடியும் வாரத்தில் டாஷ்போர்டைக் கழற்றாதீர்கள். புகைப் பரிசோதனைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும், அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. பாகம் வருவது தாமதமானால் வண்டி வீட்டில், அபராதம் உங்கள் கையில். திகதியைப் பார்த்து, குறைந்தது ஒரு மாதம் இடைவெளி இருக்கும்போது தொடங்குங்கள்.

10. செலவும் நேரமும்

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். நான் கேட்டு அறிந்த அளவில்: சாதாரண மல்ரிமீற்றர் 3,000 ரூபாய்க்குள். கொன்டாக்ட் கிளீனரும் எமரித் தாளும் கிரீஸும் சேர்த்து அதே அளவு. ரெம்பரேச்சர் சென்சர், அசல் அல்லாதது, சில ஆயிரம். ஒயில் பிரஷர் சென்சர் அதைவிடக் கூட. ரீகண்டிசன் மீற்றர் போர்டுக்குப் பல பத்தாயிரங்கள் கேட்பார்கள். அரிதான வண்டி என்று தெரிந்தால் இன்னும் ஏறும், அதனால் முதல் போனிலேயே ஆர்வத்தைக் காட்டாதீர்கள். ஓட்டோ எலக்ட்ரீசியன் கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசுங்கள். வயர் கோளாறு தேடும் வேலை நாள் கணக்கில் போனால் முடிவே இருக்காது.

நேரம்: 2ஆம், 3ஆம், 4ஆம் படிகள் ஒரு வார இறுதிக்குள் முடியும். போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்ட, முதல்தடவை செய்பவருக்கு ஒரு முழு நாள். கொழும்பிலிருந்து பாகம் என்றால் ஒரு வாரம் என்று வையுங்கள். வெளிநாடு என்றால் மாதக் கணக்கு.

11. பூட்டிய பிறகு

மேல் மூடியைப் பூட்டும் முன்னரே கனெக்டர்களைக் கொடுத்து, சாவியை ஓன் செய்து, எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். பற்றரி விளக்கு, ஒயில் விளக்கு, கை பிரேக் விளக்கு, ஹை பீம் விளக்கு என்று ஒவ்வொன்றாக. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சூடு ஏறி விசிறி சுற்றத் தொடங்கும் வரை பொறுங்கள். அப்போது ரெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் வண்டிக்கு வழக்கமான இடம்.

முதல் ஓட்டத்துக்கு நிலாவெளி வீதி நல்லது. மேடு பள்ளம் இல்லை, ஓரத்துக் கிலோமீட்டர் கற்களை வைத்து எண் சரியாக ஓடுகிறதா என்றும், ஜிபிஎஸ்ஸை வைத்து வேகத்தையும் பார்க்கலாம். முள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூடக் காட்டுவது வழக்கம். குறைத்துக் காட்டினால்தான் பிரச்சினை, அப்போது ரயர் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, டேங்கை நிரப்பிக்கொண்டு கந்தளாய் வரை போய் வாருங்கள், ஒரு பக்கம் சுமார் 40 கிலோமீட்டர். திரும்பி வந்து மறுபடி நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்பதும் முள் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் வொரண்டி நாட்கள் முடியும் முன் கடைக்கு போன் எடுங்கள்.